இந்திராணி அக்காவுக்கு மறதி நோய் இல்லை

பிரிக்ஃபீல்ட்ஸில் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். கைப்பேசி ஓயாமல் அதிர்ந்ததால், முடிவெட்டிக்கொண்டிருந்த சேலத்துக்காரரையே எடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வாசகர் வட்டத்துச் செயலாளர் தனபாலன் குழுவில் போட்டிருந்ததை நிதானமாகப் படித்தார்: “நமது வட்டத்தின் மூத்த உறுப்பினர் இந்திராணி அம்மையார், நீண்ட காலம் மறதி நோயால் அவதியுற்று, இன்று காலை ஜெஞ்சாரோமில் இயற்கை எய்தினார்.”

“பாவம்ணே. மறதி வந்துட்டா கஷ்டம்தான்,” என்றார் அவர்.

“அவங்களுக்கு மறதி இல்ல,” என்றேன்.

“சரிண்ணே, தலைய ஆட்டாதீங்க,” என்று என் தலையைப் பிடித்து நேராக்கினார். துக்கத்தில் இருக்கிறவன் ஏதோ உளறுகிறான் என்று நினைத்திருப்பார். நான் கடையை விட்டு இறங்குவதற்குள் குழுவில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள் என்று எழுதியது நான் ஒருவன்தான். உடனே தனபாலன் தனியாகக் கூப்பிட்டார். “இப்ப எதுக்குண்ணே இதெல்லாம்? போனவங்கள வெச்சு சண்டை போட்ட மாதிரி ஆயிரும் லா.” குழுவில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் யார் என்று தெரியும். கிள்ளான் நீதிமன்றத்தில் அவரும் நானும் மொழிபெயர்ப்பாளர்கள். தமிழ் மட்டுமே தெரிந்த சாட்சி சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வது எங்கள் வேலை. எங்கள் இருவருக்கும் ஒரே மேசை, ஒரே மின்விசிறி. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே எழுத்தராக வந்தவர். என்னுடைய தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர். “உங்க தாத்தா நாற்காலியில உட்கார்ந்தாரு, எங்க தாத்தா மரத்தடியில நின்னாரு,” என்று சீண்டுவேன். “இப்ப நீதான் மின்விசிறிப் பக்கம் உட்கார்ந்திருக்க, நான் வேர்த்து ஒழுகுறேன். சமத்துவம் வந்திருச்சு, போ,” என்பார். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. அடிதடி வழக்கு. எதிரி உன்னை என்ன சொல்லித் திட்டினான் என்று சாட்சியைக் கேட்டார்கள். சாட்சி லோரி ஓட்டுநர். மூச்சு விடாமல் முழுவதையும் சொல்லிவிட்டார். தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். ‘தகாத வார்த்தை பேசினார் என்று சொன்னால் போதுமே’ என்று வழக்கறிஞர் இழுத்தார். சாட்சி அப்படிச் சொல்லவில்லை என்று அக்கா பதில் சொல்லிவிட்டு, பஞ்சாங்கம் படிக்கிற முகத்தோடு ஒவ்வொன்றாக மலாயில் எடுத்து வைத்தார். நீதிபதி போதும் என்று கையைத் தூக்கியபோது, இன்னும் இரண்டு பாக்கி இருப்பதாகப் பணிவோடு தெரிவித்தார். பிறகு கேன்டீனில் நான் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் சிரிக்கவில்லை. “அந்த ஆளு வாங்குன திட்டு அது. சுருக்குறதுக்கு நான் யாரு?” என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வாசிப்புதான் எல்லாம். தமிழ்ப் புத்தகம் சென்னையிலிருந்து வந்து சேருவதற்குள் வாசிக்கிற ஆசையே போய்விடும் என்று எரிச்சல்பட்டவருக்கு, மின்னூல் வாசிக்கிற கருவி வந்தது பெரிய விடுதலை. எல்லாரையும்போல அதை ரீடர் என்றே சொல்லுவார். பழைய வகை. திரையின் இரண்டு ஓரத்திலும் நீளமாகப் பொத்தான்கள் இருக்கும். கீழே உள்ளதை அழுத்தினால் அடுத்த பக்கம், மேலே உள்ளதை அழுத்தினால் முந்தைய பக்கம். அவ்வளவுதான் அதன் வித்தை. எழுத்தைக் கட்டை விரல் அளவுக்குப் பெரிதாக வைத்துக்கொண்டு, மடியில் தலையணை போட்டு, அதன்மேல் ரீடரைச் சாய்த்து வைத்து வாசிப்பார். காதில் மாட்டிக்கொண்டு கேட்கிற ஒலிநூல்கள் இருக்கின்றனவே என்று ஒருமுறை சொன்னேன். “கோர்ட்டுல காதால கேட்டது ஏழு ஜென்மத்துக்குப் போதும். இனிமே யாரும் என்கிட்ட பேசக் கூடாது. நானா படிச்சுக்குவேன்,” என்றார்.

வட்டத்தில் ஒரு விதி உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாது, அந்த விதியைப் போட்டவரே அக்காதான். புத்தகத்தை வாசிக்காமல் வந்தவர் தேநீர் ஊற்றலாம், வடைத் தட்டை நீட்டலாம், வாய் திறக்கக் கூடாது. வாசித்தவர், தனக்குப் பிடித்த ஒரு பக்கத்தை முதலில் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கருத்துச் சொல்ல வேண்டும். முன்னுரையை மட்டும் புரட்டிவிட்டு வந்து மணிக்கணக்கில் முழங்கியவர்களை அடக்க வந்த விதி அது. தனபாலனே பல கூட்டங்களில் தேநீர் ஊற்றியிருக்கிறார். அக்கா அவரைப் பார்த்து, “இன்னிக்குச் சீனி கொஞ்சம் தூக்கல், செயலாளரே,” என்று சொல்லும்போது அறையே சிரிக்கும்.

இந்தக் கட்டத்தில் அக்கா மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருக்குக் கை நடுக்கம். கடைசிச் சில ஆண்டுகளில் அதிகமாகிவிட்டது. “என் கை தாளம் போடுது, பாட்டுதான் இன்னும் வரல,” என்று என்னிடம் சொல்லுவார். கூட்டத்தில் கைப்பையை மடியில் வைத்து, அதன் அடியில் இரண்டு கைகளையும் சொருகிக்கொள்வார். காகிதப் புத்தகத்தைப் பிடித்தால் தாள் நாலைந்தாகச் சேர்ந்து புரளும். ஆனால் அந்தப் பழைய ரீடருக்கு நடுக்கம் ஒரு பொருட்டே அல்ல. விரல் பொத்தானின்மேல் கிடந்து எவ்வளவு ஆடினாலும் பக்கம் அசையாது. அழுத்தினால்தான் திரும்பும். பொத்தான் அக்காவின் மனசுக்குக் கீழ்ப்படிந்தது, கைக்கு அல்ல. கூட்டத்தில் தன் முறை வரும்போது ரீடரை மேசைமேல் கிடத்தி, பொத்தானில் கட்டை விரலை ஊன்றி, கோர்ட்டில் பேசிய அதே குரலில் வாசிப்பார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சுதாகர் அக்காவின் அண்ணன் மகன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். கெட்டவன் அல்ல. வாரந்தோறும் வந்து பார்ப்பான், மளிகை வாங்கிப் போடுவான். தீபாவளிக்கு அத்தைக்குப் புது ரீடர் வாங்கி வந்தான். ஒரு பொத்தான்கூடக் கிடையாது. முழுவதும் தொடுதிரை. விரல் பட்டால் போதும், பக்கம் திரும்பும். அதுதான் அதன் பெருமை. போகும்போது பழையதைக் கையோடு எடுத்துச் சென்றுவிட்டான். தொழிற்சாலையில் பழைய மின்பொருள்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார்களாம். கொண்டுவந்து போட்டவர்களுக்கு டீ-சட்டை கொடுத்தார்களாம். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளியலறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது பழையது இருந்த இடத்தில் புதியது இருந்தது.

அப்போது நான் ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஜொகூரில் மாதக்கணக்கில் தங்கிவிட்டோம். போனில் பேசும்போதெல்லாம் அக்கா பேரக் குழந்தையைப் பற்றித்தான் கேட்பார். தன் குறையைப் போனில் சொல்கிற ஆள் அல்ல. நடந்ததை எல்லாம் பின்னால் பலர் வாயிலாகத் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். நடுங்கும் விரல் திரைக்குப் பக்கத்தில் போனாலே நாலு பக்கம் தாவிவிடும். பின்னால் போகலாம் என்று தொட்டால் இன்னும் முன்னால் ஓடும். விரல் கொஞ்சம் தங்கினால் அகராதி திறக்கும். மேல் ஓரத்தில் பட்டுவிட்டால் புத்தகமே மூடிக்கொண்டு, புத்தகம் வாங்கச் சொல்லும் கடைப் பக்கம் வந்து நிற்கும். அக்கா சுதாகரிடம் சொல்லியிருக்கிறார்: “பக்கம் தானா ஓடுதுடா. நான் படிச்ச இடம் காணாமப் போயிடுது.” அவன் பயந்துவிட்டான். அத்தைக்குப் பக்கங்கள் ஓடுகின்றன, படித்த இடம் ஞாபகம் இல்லை. ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஞாபகச் சக்தியைச் சோதிக்க அவர் கையில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு டேப்லெட். திரையில் கடிகாரம் வரையச் சொன்னார்கள், சரியான படத்தைத் தொடச் சொன்னார்கள். அக்கா யானையைத் தொடப் போய்க் குடையைத் தொட்டிருக்கிறார். வயதுக்கு இது சகஜம், கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னாராம். அதில் முதல் பாதிகூடச் சுதாகர் காதில் விழவில்லை.

வட்டத்திலும் அதே கதை. அக்கா புத்தகத்தை முடிக்க முடியாமல் கூட்டத்துக்கு வந்தார். தான் போட்ட விதியைத் தானே மீறுவாரா? வாய் திறக்கவில்லை. தேநீர் ஊற்றவும் அந்தக் கையால் முடியாது. கைப்பையின் அடியில் கைகளை ஒளித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த கூட்டத்திலும் அப்படியே. வாசிக்காதவர் பேசக் கூடாது என்ற விதி உங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும், இந்திராணி அக்கா பேசாமல் இருந்தால் அவர் வாசித்திருக்க மாட்டார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்றுதான் தோன்றியது. “அக்கா டல்லாயிட்டாங்க,” என்று ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் “பாவம், யாரு என்னன்னே தெரியல” என்று ஆனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பேச்சு சுதாகர் காதுக்கும் போனது. படித்தவர்கள், இலக்கியம் பேசுகிறவர்கள், அவர்களே சொல்லும்போது அவன் என்ன செய்வான்? பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா குடியிருந்த சொந்த வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விட்டுவிட்டு, அத்தையை ஜெஞ்சாரோமில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான்.

இல்லத்தில் சேர்த்ததிலிருந்து அவருடைய போன் அணைந்தே கிடந்தது. ஜொகூரிலிருந்து திரும்பியதும் அங்கேதான் போய்ப் பார்த்தேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. நாலு கட்டில் போட்ட அறை. உள்ளே நுழைந்ததும் அக்கா என்னைப் பார்த்து, “வா குமரேசு. பேரன் யாரு ஜாடை? உன் ஜாடை இல்லையே?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறதி முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு, என்னை அடையாளம் தெரியாதே என்று வழியெல்லாம் மனசைத் தேற்றிக்கொண்டு போனவன் நான். பேச்சு வாக்கில் அவர் தலையணைக்கு அடியிலிருந்து புது ரீடரை எடுத்தார். “நீயே பாரு,” என்று விரலைக் கொண்டுபோனார். பக்கங்கள் பறந்தன. அகராதி வந்தது, எழுத்து சிறுத்தது, கடை திறந்தது. அவர் ரீடரை என் மடியில் போட்டார். “எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்ற சாட்சி இதுதான். குறுக்கு விசாரணை பண்ண ஒரு நாதி இல்ல.”

அன்றே சுதாகரைப் பார்க்கப் போனேன். தொழிற்சாலை கேன்டீனில் எனக்கு மைலோ வாங்கிக் கொடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். “டச் ஸ்க்ரீன்தான் அங்கிள் ஈஸி. பட்டன்லாம் ஓல்ட் டெக்னாலஜி,” என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“உன் ஃபேக்டரியில மிஷின நிறுத்துறது எப்படி?”

“எமெர்ஜென்சி ஸ்டாப் இருக்கும் அங்கிள். சிவப்பா, பெருசா.”

“அது டச் ஸ்க்ரீனா?”

“சேச்சே, அது எப்படி? க்ளவ் போட்டிருப்பாங்க, கையில எண்ணெய் இருக்கும். ஆபத்து நேரத்துல கை நடுங்கும். அழுத்துற பட்டன்தான் வேணும், அது சேஃப்டி ரூல்...” என்று பாடம் எடுத்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

நான் மைலோவைக் குடிக்காமல் எழுந்தேன். தெரியாதவன் செய்திருந்தால் ஆறியிருக்கும். நடுங்கும் கைக்குப் பொத்தான் வேண்டும் என்பது இவனுக்குச் சம்பளம் கொடுத்துக் கற்பித்த பாடம். மிஷினுக்குக் கொடுத்த யோசனையில் கால்வாசி அத்தைக்குக் கொடுக்கவில்லை. பின்னால் ஓடி வந்து, “வீட்டுக்கு ஆள் வந்துட்டாங்க அங்கிள், அக்ரிமென்ட் போட்டாச்சு. முடியட்டும், அத்தைய நான் கூட்டிட்டு வந்துடுறேன்,” என்றான்.

பொத்தான் வைத்த ரீடரைத் தேடி அலைந்தேன். சில நிறுவனங்கள் இன்னும் செய்கின்றன என்று சொன்னார்கள், ஆனால் நான் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. “பட்டன் வெச்சதா? யாரு அங்கிள் இப்ப அதெல்லாம் கேக்குறா?” என்று சிரித்தார்கள். கடைசியில் ஸ்ரீ கெம்பாங்கானில் பழைய கருவிகள் விற்கும் ஒரு சீனப் பெண்ணிடம் ஒன்று கிடைத்தது. “அங்கிள், இது ரொம்ப லாமா லா, பழசு. டச் எடுங்க,” என்று அவளும் சொன்னாள். கை நடுங்குகிற ஓர் அக்காவுக்கு என்று சொன்னதும் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தானாம். சார்ஜ் ஏற்றி, துடைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.

அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த முறை ஜெஞ்சாரோம் போனபோது அவர் அதில் இரண்டு நாவல்களை முடித்துவிட்டிருந்தார். ஒன்றைக் கிழி கிழியென்று கிழித்தார். “ஐந்நூறு பக்கம் எழுதியிருக்கான், ஒருத்தியும் ஒரு வேளை சமைக்கல, ஒருத்தனும் ஒரு வேளை சாப்பிடல. காத்தக் குடிச்சா வாழ்றாங்க?” என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாராம். அந்த அம்மாள் தெலுங்கு பேசுகிறவர். “புரியலைன்னாலும் எழுந்து போக முடியாதுல்ல, நல்ல வாசகி,” என்று சொல்லிச் சிரித்தார். நீண்ட நாள் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

வட்டத்தில் போய்ச் சொன்னேன். அக்கா தெளிவாக இருக்கிறார், கருவிதான் கோளாறு என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “சில நாள் தெளிவா இருப்பாங்கண்ணே. அந்த நோய் அப்படித்தான்,” என்றார் தனபாலன், எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். ஒருவருக்குப் புத்தி இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், அதற்குப் பிறகு அவருடைய தெளிவும் நோயின் அறிகுறிதான். நேரில் வந்து பேசுங்கள் அக்கா, நான் காரில் கூட்டிப் போகிறேன் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “நான் போட்ட விதியில நடக்குற கூட்டம். அங்க போய் எனக்குப் புத்தி சரியா இருக்குன்னு நானே பரீட்சை எழுதணுமா? அவங்க யாராச்சும் ஜெஞ்சாரோம் வந்தாங்களா?” ஒருவரும் வந்ததில்லை. நினைவு தப்பியவரைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

வீட்டு ஒப்பந்தம் முடியக் காத்திருந்தோம். அதற்குள் நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டை அக்கா மறுபடி பார்க்கவே இல்லை.

கிள்ளானில் தகனம். வட்டத்திலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள், ஜெஞ்சாரோமைவிட அது பக்கம் போலிருக்கிறது. பண்டாரம் சடங்கை முடித்ததும் பெட்டியை உலைக் கதவுக்குப் போகும் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். அங்கிருந்த ஊழியர் சுதாகரைச் சுவர்ப் பக்கம் அழைத்துப்போய், “பாஸ், இந்தப் பச்சை பட்டன அமுக்குங்க,” என்றார். சுதாகர் கையை நீட்டினான். கை கிடுகிடுவென்று நடுங்கியது. விரல் பொத்தானின்மேல் பட்டுப் பட்டு நழுவியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். கதவு திறந்தது, அக்கா உள்ளே போனார்.

வெளியே வந்ததும், நான் வாங்கிக் கொடுத்த பழைய ரீடரை என்னிடம் நீட்டினான். “நீங்க வெச்சுக்குங்க அங்கிள், ஞாபகமா.”

“நீயே வெச்சுக்க. உனக்கும் வயசாகும்,” என்றேன். கடுமையான பேச்சுதான். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

எனக்கு ஞாபகப் பொருள் வேண்டாம். கடைசியாக ஜெஞ்சாரோமில் பார்த்தபோது அக்கா கேட்ட ஒரு கேள்வி என்னிடம் இருக்கிறது. வட்டத்தின் இரங்கல் கூட்டத்தில் எனக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருப்பதாகத் தனபாலன் சொல்லியிருக்கிறார். எனக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது. அக்கா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்: “பக்கம் தானா ஓடுதுன்னு அத்தனை பேர்கிட்டயும் சொன்னேன், குமரேசு. உண்மையத்தான சொன்னேன்? ஒருத்தராவது அந்த மிஷினக் கையில வாங்கிப் பார்த்திருக்கக் கூடாதா?”